வேலி தாண்டிய வத்தகை

கொடியின் வேர் யாருடைய காணியில் நிற்கிறதோ, காய் அவருக்கே சொந்தம். இது விவசாயக் கண்காட்சியின் ஐந்தாம் விதி. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞனாக விதிகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். ஆனால் போன வருடம் என் வத்தகைக்கொடி, அதுதான் தர்பூசணிக்கொடி, வேலிக்குள்ளால் நுழைந்து அயல்வீட்டுச் செல்லையரின் பக்கம் காய்த்தது; அந்தப் பழத்தைக் காட்டி அவர் முதற்பரிசு வாங்கினார். கண்காட்சிக் குழுவுக்கு மனு எழுதினேன். பதில் இல்லை.

மார்கழி மழையோடு பழிவாங்க ஆயத்தமானேன். வேலியோரம் கிடங்கு வெட்டிப் பசளைக்குப் பூவரசங்குழை புதைத்தேன். பூசணிபோல் பெருத்து, வேம்பாய்க் கசக்கும் வத்தகை விதையொன்றைத் தேடிப் பிடித்து நட்டேன்.

செல்லையர் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணை, இந்த முறையும் வேலியோரந்தானோ?"

"ஓம் தம்பி. உம்மடை பக்கந்தானே நல்ல வெயில்."

"அப்ப நானும் கொஞ்சம் ஆட்டெரு போட்டு வைக்கிறன்."

சொன்னபடியே மாரி முடியும்வரை போட்டார். கொடி அவர் பக்கமே போய், இரண்டு பேர் தூக்கும் பழமொன்றைக் காய்த்தது.

கண்காட்சியில் நடுவர் அதை வெட்டி வாயில் வைத்தார். சபை நடுவே துப்பினார். செல்லையரின் முகத்தைக் கண்குளிரப் பார்த்துவிட்டு வீடு வந்து, வயிறாரச் சாப்பிட்டேன்.

பிறகு குழுவின் பதில் வந்தது. என் மனு முழு வெற்றி. ஐந்தாம் விதிப்படி, வேலி தாண்டிக் காய்த்த சென்ற வருடப் பழமும், இந்த வருடப் பழமும் என் பெயரிலேயே பதியப்படுமாம். அது வந்த திகதி, கண்காட்சிக்கு மறுநாள்.