நெல்லுக்கு விட்ட சரிவு

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி வரை பேனை நிற்காமல் ஓடியது. பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, பாடசாலை எல்லாம் எழுதிவிட்டேன். ஒன்பதாவது, பயிற்றுநரின் தகைமை என்ன என்று கேட்டது. பதில் எழுதப் பெரிய பெட்டியாக ஒன்று விட்டிருந்தார்கள்.

"அக்கா, இதில என்ன எழுத?"

சுமித்திரா அக்கா நெல் காயவிடும் தளத்தின் ஓரத்தில் குந்தியிருந்து, பழைய மீன்வலையில் அறுந்த கண்ணொன்றை நைலோன் நூலால் முடிந்துகொண்டிருந்தார். அதுதான் எங்கள் ஊரின் ரெனிஸ் வலை.

"கம்பசில உங்களுக்கு என்ன சொல்லித் தந்தவை, அனோஜா? இல்லாததை எப்பிடி எழுதுறதெண்டோ?"

"இருக்கிறதைப் பெருப்பிச்சு எழுதத்தான் சொல்லித் தந்தவை."

"அப்ப விடு. வெறுமையாக் கிடக்கட்டும்."

வெறுமையாகவே விட்டேன். வவுனியாவில் நடக்கும் பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டிக்குக் கண்டாவளைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பிள்ளைகளின் பெயர் அப்படித்தான் போனது.

அக்காவுக்கு முப்பத்தைந்து வயது. கூட்டுறவுச் சங்கத்தின் நெல் களஞ்சியத்தில் வேலை. அறுவடைக் காலத்தில் களஞ்சியத்துக்கு முன்னாலுள்ள சீமெந்துத் தளத்தில் நெல்லைப் பரப்பி, மரப்பலகையால் துழாவிக் காயவிட்டு, சாக்கில் கட்டுவார். அறுவடை இல்லாத மாதங்களில் களஞ்சியக் கதவைப் பார்த்துக்கொள்வார். தளம் அப்போது வெறுமையாகக் கிடக்கும். ஐந்து வருடங்களுக்கு முன் அதில் சுண்ணாம்பால் கோடு போட்டு, வலையைக் கட்டி, ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

அதற்கு முன் ஏழு வருடங்கள் கொழும்பில் இருந்தவர். போர் முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்த கையோடு, ஒரு ரெனிஸ் கழகத்தின் கன்ரீனில் கோப்பை கழுவப் போனார். விளையாட வந்தவர்களுக்கு ஜோடி வராத நாட்களில், "பிள்ளை, வந்து பந்தைத் திருப்பி அடி" என்று கூப்பிடுவார்களாம். அப்படி அடித்து அடித்துக் கை பழகிவிட்டது. அப்பா மூக்கன் படுக்கையில் விழுந்த வருடம் ஊருக்குத் திரும்பினார். கழகத்தில் எறிந்த மொட்டைப் பந்துகள் ஒரு சாக்கும், நரம்பு மாற்றிய மட்டைகள் ஆறும் கூட வந்தன.

புதனும் சனியும் பின்னேரம் நாலு மணிக்கு வகுப்பு. பன்னிரண்டு பிள்ளைகள். செருப்பைத் தளத்தின் ஓரத்தில் வரிசையாகக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவார்கள். நெல் காய்கிற இடத்தில் எங்கள் ஊரில் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. நெல் இல்லாத நாளிலும் அப்படித்தான். அக்கா களஞ்சியச் சுவரோரம் பந்துகள் போட்ட பனையோலைக் கடகத்தோடு நிற்பார். பிள்ளைகள் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். "விழ முன்னம் அரை அடி வலப்பக்கம்! அரை அடி!" என்ற குரல் வாய்க்கால் கடந்து கேட்கும்.

நான் பட்டம் முடித்து, அரச வேலை நியமனத்துக்குக் காத்திருந்த எட்டு மாதமும் அந்தத் தளத்தோரம்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இருந்தால் "பதில் வந்ததோ?" என்று கேட்பார்கள். அக்கா அதை ஒருநாளும் கேட்டதில்லை.

போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது விமலேஸ்வரி அன்ரி வந்தா. போட்டிக்குப் போகும் கிருசாந்தியின் தாய். வாய்க்கால் பாயும் ஆறு ஏக்கர் வயல்காரர். அவர்களுடைய நெல்லும் அக்காவின் பலகைக்குக் கீழேதான் காயும். செருப்பைக் கழற்றாமல் தளத்துக்கு வெளியே நின்றபடி கேட்டா.

"சுமித்திரா, கேக்கிறனெண்டு குறை நினைக்காதையும். நீர் இதை ஆரிட்டப் பழகினனீர்?"

"ஆரிட்டயும் இல்லையக்கா. பாத்தும் அடிச்சும் பழகினது."

"அப்பிடிப் பழகினதை மற்றப் பிள்ளையளுக்குப் பழக்கலாமோ? இவள் கணக்கு ரியூசனை விட்டிட்டெல்லோ இஞ்ச வாறாள்."

அக்கா கையிலிருந்த பந்தைக் கடகத்தில் போட்டார். "வவுனியாவில தெரிஞ்சவை இருப்பினம். போய்ப் பாப்பம். நான் பழக்கினது பிழையெண்டு கண்டால், இந்த வலையைச் சுருட்டி வைச்சிடுவன். பிறகு ஒரு பிள்ளையையும் கூப்பிடமாட்டன்."

அவர் சும்மா ஒரு சொல் சொல்கிற ஆளில்லை.

வவுனியா மைதானம் பச்சை நிறம் பூசி, சுற்றிவரக் கம்பிவேலி போட்டு, கண்ணாடிபோலக் கிடந்தது. கிருசாந்தியும் பன்னிரண்டு வயது மதுசனும் பாடசாலைச் சப்பாத்துகளோடு வந்திருந்தார்கள். வாசலுக்குப் போனதும் இருவரும் குனிந்து அவற்றைக் கழற்றி, வேலியோரம் ஒழுங்காக வைத்தார்கள்.

போட்டி நடத்துகிறவர் ஓடிவந்தார். "தம்பி, சப்பாத்தை ஏன் கழட்டினனீர்?"

"உள்ள ஏறவேணுமெல்லோ, சேர்," என்றான் மதுசன்.

"இதென்ன, கோயிலே?"

வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய செருப்பு அவர் கையில் இருந்தது. என்னுடையது என் கையில். எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கிய மதுசன் அரை மணித்தியாலத்தில் தோற்று வெளியே வந்தான். ஒரு கேம்கூட எடுக்கவில்லை. அடுத்தது கிருசாந்தி. எதிரே வவுனியாப் பிள்ளை ஒன்று. முதல் செட்டில் ஆறு கேமும் போனது. பந்து அவளுடைய மட்டைக்கு வராமல் வயிற்றோடு வந்து முட்டியது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பயிற்றுநர் மற்றவரிடம் சொன்னார்: "ரெண்டு பிள்ளையளும் ஒரே மாதிரி நண்டு போல பக்கவாட்டில போகுதுகள். ஆர் பழக்கினது?"

அக்கா கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான்தான்."

"என்னக்கா?"

"அவளின்ர காலைப் பார். பந்து விழ முன்னம் வலப்பக்கம் அரை அடி வைக்கிறாள். எங்கட தளம் மேற்குப் பக்கம் சரிவு, அனோஜா. விழுந்த பந்து ஒரு சாண் விலகிப் போகும். பிள்ளையளுக்குப் பந்து எட்டேல்லையெண்டு அரை அடி வைக்கச் சொன்னனான். ஏன் எட்டேல்லையெண்டு நான் யோசிக்கேல்லை. இஞ்ச தளம் மட்டம். பந்து நேர வருது, பிள்ளை விலகிப் போகுது."

"சொல்லுங்கோவன் அவளுக்கு!"

"வெளியில நிண்டு கதைக்க ஏலாது. சட்டம்."

பல்கலைக்கழகத்தில் என் பாடம் புவியியல். இறுதி வருட ஆய்வே நிலத்தின் சரிவும் நீர் வடிந்தோடும் திசையும் பற்றியது. எட்டு மாதம் உட்கார்ந்திருந்த தளம் எந்தப் பக்கம் சரிகிறது என்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை. அப்படியென்றால் நான் எதைப் படித்தேன்?

இரண்டாவது செட்டில் மூன்று கேம் போன பிறகு கிருசாந்தியின் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தது. சப்பாத்தோடு விளையாடிப் பழக்கமில்லாததால் முடிச்சு நிற்கவில்லை. கையிலிருந்த பந்தைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து கட்டினாள். கட்டி முடித்ததும் பந்தைப் பிடிக்கக் கை தானாக வலப்பக்கம் போனது. எங்கள் தளத்தில் வைத்த பந்து வைத்த இடத்தில் நிற்காது. மேற்குப் பக்க வடிகானுக்குள் போய்த்தான் நிற்கும்.

இந்தப் பந்து வைத்த இடத்திலேயே இருந்தது.

அவள் அதை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் அசையவில்லை. நிமிர்ந்து வேலிப்பக்கம் அக்காவைப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. மூன்று பூச்சியம் பின்னால் நிற்கிற பிள்ளையின் சிரிப்பு இல்லை அது.

அதற்குப் பிறகு அந்த அரை அடியை அவள் வைக்கவில்லை. பந்து மட்டையின் நடுவில் பட்ட சத்தம் வேலிக்கு வெளியேயும் கேட்டது. இரண்டு கேம் எடுத்தாள். பிறகு தோற்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள்தான் தொடங்கினாள்.

"அக்கா, எங்கட தளம் சரிவு. உங்களுக்குத் தெரியுமோ?"

"நெல்லுக்கெண்டு தெரியும். மழைத் தண்ணி வடிய வேணுமெண்டு எங்கட அப்பா ஆக்கள்தான் சரிவு விட்டுச் சீமெந்து போட்டவை. பந்துக்கெண்டு யோசிக்கேல்லை."

"அப்ப நான் தோத்ததுக்குக் காரணம் உங்கட அப்பாதான்," என்றான் மதுசன்.

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். பிறகு மாங்குளம் தாண்டும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் தரிப்பிடத்தில் விமலேஸ்வரி அன்ரி நின்றா. அவ வாய் திறக்க முன்னமே அக்கா சொன்னார்: "அக்கா, நான் பிழையாத்தான் பழக்கியிருக்கிறன்." எந்தப் பிழை, எத்தனை வருடப் பிழை என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அன்ரி மகளைக் கூட்டிக்கொண்டு போனா.

புதன்கிழமை நான் போனபோது வலை இல்லை. களஞ்சியத்துக்குள் சாக்குகளுக்கு மேலே சுருட்டிக் கிடந்தது. அக்கா கதவடியில் கதிரை போட்டு இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். பிழையைக் கண்ட பிறகும் ஒரு வேலையைத் தொடர ஒருவருக்கு உரிமை இருக்கிறதா? படித்த எதிலும் அதற்குப் பதில் இருந்த ஞாபகம் இல்லை.

நாலேகால் மணிக்குக் கிருசாந்தியும் மதுசனும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள். செருப்புகள் வரிசையாகின.

"அக்கா, வலை எங்க?"

"வகுப்பு இல்லை, பிள்ளை. சொன்ன சொல்லொண்டு இருக்கு."

"நீங்கள் இண்டைக்கு அந்தப் பக்கம் நில்லுங்கோ," என்றாள் கிருசாந்தி, அவர் சொன்னதைக் கேட்காதவள்போல. "நாங்கள் சுவர்ப்பக்கம் நிக்கிறம்."

"அப்ப பந்து இடப்பக்கமெல்லோ போகும்?"

"போகட்டும். ஒருநாள் வலம், ஒருநாள் இடம். அரை அடியை விட்டிட்டு, எங்க போகுதெண்டு பாத்து அடிப்பம்."

அக்காவின் கண் பிள்ளைகளைத் தாண்டிப் போனது. விமலேஸ்வரி அன்ரி சைக்கிளை வேலியில் சாத்திக்கொண்டிருந்தா.

"ரெண்டு நாளா வீடு முழுக்கப் பந்து உருட்டுறாள்," என்றா அன்ரி. "குசினி சரிவாம். விறாந்தை சரிவாம். கட்டின மேசனைக் கூப்பிடட்டாம். தலையிடி தாங்கேலாமல் கொண்டுவந்து விட்டிருக்கிறன்."

"அக்கா, நான் உங்களுக்குச் சொன்னது…"

"சொன்னதைக் கேட்டனான். ரியூசன் மாஸ்டரும் எத்தினை கணக்குப் பிழையாச் செய்திருக்கிறார். ஒருநாளும் பஸ் தரிப்பிடத்தில வந்து சொன்னதில்லை."

அன்ரி செருப்பைக் கழற்றிப் பிள்ளைகளின் வரிசையில் கடைசியாக வைத்துவிட்டுத் தளத்தில் ஏறினா. "ஆராவது வலையை எடுங்கோவன். நான் ஒரு பக்கம் பிடிக்கிறன்."

மதுசன் களஞ்சியத்துக்குள் ஓடினான். அக்கா எழும்பி, முகத்தைக் கையால் துடைத்துவிட்டு, கடகத்தைத் தூக்கி, வெறுங்காலோடு தளத்தின் மறு அந்தத்துக்கு நடந்தார். அங்கே போய்த் திரும்பியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அனோஜா, இஞ்ச நிண்டால் களஞ்சியக் கதவு நேர தெரியுது. அஞ்சு வருசமா முதுகைக் காட்டிக்கொண்டெல்லோ காவல் காத்திருக்கிறன்!"

முதல் பந்தை அடித்தார். அது விழுந்து, ஒரு சாண் இடப்பக்கம் போனது. கிருசாந்தி தவறவிட்டாள். மதுசன் தவறவிட்டான். பின்னால் நின்ற சின்னதும் தவறவிட்டது.

"பாருங்கோடா," என்று அக்கா கத்தினார். "பாத்து அடியுங்கோ!"