ஒரு பிடி காய்ந்த புல்

என் மேசையில் ஒரு பிடி காய்ந்த புல் இருக்கிறது. நடுவில் வாழைநாரால் கட்டி, நுனிகளை ஒரே அளவில் கத்தரித்த புல். கந்தோர் வேலைக் கடிதங்களுக்கு நடுவே இதைக் கண்ட மனைவி, "கடைசியிலை உங்களுக்குப் பொருத்தமான சாப்பாட்டுக்கு வந்திட்டியள்" என்றாள். ஊரில் பகிடிக்காரன் என்று பெயரெடுத்தவன் நான். இந்தப் பிடியை வைத்து மட்டும் பதில் பகிடி வரவில்லை. இது அத்தான் விட்டுப்போனது.

அத்தான் என் அக்காவின் கணவர். உடுப்பிட்டிக்காரர். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். வாய் திறந்து கதைப்பதென்றால் டீசல் செலவாகிவிடும் என்பதுபோல் இருப்பார். அக்கா தையல் ரீச்சர். பிள்ளைகள் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு அக்கா ஒரு வெள்ளை முயல் வளர்த்தாள். வளவில் கினிப்புல்லை அறுத்து, வெயிலில் ஒருநாள், விறாந்தை நிழலில் மூன்றுநாள் என்று புரட்டிப் புரட்டிப் பச்சை மாறாமல் உலர்த்துவாள். நாளுக்கு ஒரு பிடியாகக் கட்டிப் பழைய தலையணை உறைகளுக்குள் அடைத்து வைப்பாள். நுனியை ஒருதரம் இழுத்தால் அவிழும் முடிச்சு. "புல்லுத்தான் இதுக்குச் சோறு. கரட்டெல்லாம் கறி" என்பாள். "பெத்த பிள்ளைக்கும் இல்லாத உபசாரம்" என்று அத்தான் முணுமுணுப்பார்.

ஒரு மாசி மாதம், காலையில் தலையிடிக்குது என்று படுத்த அக்கா பின்னேரம் இல்லை.

கீரிமலையில் அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடித்த கிழமை அத்தானைப் பார்க்கப் போனேன். மதியம் அவர்களுடைய கட்டிலில் சரிந்தபோது தலைக்குக் கீழே சரசரத்தது. "என்ன அத்தான், பஞ்சு வாங்கவும் பஞ்சமோ?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. முயல் கூட்டுக்குள் வாடிய கோவா இலை கிடந்தது. பங்குனி வெயிலில் வளவுப் புல் கருகிப் போயிருந்தது. காய்ந்த புல்தானே வேண்டும், இதற்கென்ன பெரிய வித்தை என்று, மறுநாள் மோட்டார் சைக்கிளில் ஒரு சாக்கு வைக்கோல் கட்டிக்கொண்டு போனேன். முயல் அதை முகர்ந்தது. முன்காலால் பரப்பியது. அதன்மேல் ஏறிப் படுத்து நித்திரை கொண்டது. அக்கா போனபின் அத்தான் முதன்முதலாகச் சிரித்தார். நான் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்தேன்.

மூன்றாம் நாள் முயல் எதையுமே தொடவில்லை. காட்போட் பெட்டியில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அந்தப் பெண் வைத்தியர் அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"வைக்கலோ குடுத்தனீங்கள்? அது படுக்கிறதுக்கு, ஐயா. இதுக்குக் காய்ஞ்ச புல்லு வேணும். பல்லு வளந்துகொண்டே இருக்கும், குடல் ஓடிக்கொண்டே இருக்கவேணும். இப்ப குடல் நிண்டுபோச்சு. ஊசி போடுறன். இண்டைக்குள்ளை கடிக்காட்டிச் சொல்லேலாது. முந்தி என்ன திண்டது?"

அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் வெடித்தேன். வைக்கோல் கொண்டுவந்த வெட்கமும் சேர்ந்திருக்க வேண்டும். "அக்கா காயவைச்ச புல்லு ஒரு பிடிகூட மிச்சமில்லையோ? அவ பிள்ளைமாதிரி வளர்த்த சீவனைப் பட்டினி போட்டுக் கொல்லப் போறியள்!"

அவர் அறைக்குள் போனார். கட்டிலில் அக்கா படுக்கும் பக்கத்துத் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது சரசரத்தது.

"முடிஞ்சிடுமடா" என்றார். "இது உன்ரை அக்கா கட்டினது."

நிலத்தில் குந்தி, உறைக்குள்ளிருந்து ஒரு பிடியை எடுத்து நுனியை இழுத்தார். முயலின் மூக்கடியில் நீட்டியபடியே இருந்தார். பொழுது சாய்ந்தபோது மூக்கு அசைந்தது. பிறகு கறுக் கறுக்கென்று சத்தம். அத்தான் நாரைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் போய்த் தேத்தண்ணி போட்டேன். அதிலும் சீனி போட மறந்துவிட்டேன்.

பிறகு அத்தானே புல் உலர்த்தப் பழகினார். முதல் தரம் பூஞ்சணம் பிடித்தது. இரண்டாம் தரம் சரிவந்தது. முடிச்சு மட்டும் கடைசிவரை வரவில்லை. கத்தரிக்கோலால்தான் வெட்டுவார்.

போன ஆவணியில் அத்தானும் போய்ச் சேர்ந்தார். முயல் என்னிடம் வந்தது, கூடவே அந்தத் தலையணை உறையும். உள்ளே சுருட்டிய நார்கள், அவிழ்க்காத ஒரேயொரு பிடி.

இப்போது மாரி. ஐந்து நாளாக விடாத மழை. நான் உலர்த்தி வைத்ததெல்லாம் பூஞ்சணம். முயல் காலையிலிருந்து எதையும் தொடாமல் மூலையில் குறண்டிக் கிடக்கிறது. ஒரு மணித்தியாலமாக இந்தப் பிடிக்கு முன்னால் நான் இருக்கிறேன். மணந்து பார்த்தேன், கெடவில்லை. அன்றைக்கு அத்தானை ஏசிய வாய் இப்போது மெல்ல, "முடிஞ்சிடுமடா" என்கிறது.

நுனியை இழுத்தேன். ஒரே இழுப்பு.

மேசையில் இப்போது நார் மட்டும் இருக்கிறது. மழைக்குள்ளும் அந்தச் சத்தம் கேட்கிறது, கறுக் கறுக்கென்று.