ஊமைப்பெட்டி அக்கா

பேக்கரி சாத்தும் நேரம். சரக்கறைக்குள் அக்கா சல்லடையைத் தட்டித் தட்டித் தரையெங்கும் மாவு தூவுகிறார். சுவரோரம் தொடங்கி, குனிந்தபடியே பின்னோக்கி நகர்ந்து, வாசற்படி வந்ததும் தன் காலடித் தடத்தின் மேலும் ஒரு கை மாவை விசிறிவிட்டு நிமிர்கிறார்.

"இனி எவன் நடமாடினாலும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போகணும்" என்று கதவைச் சாத்துகிறார்.

தெருவுக்கு அவர் ஊமைப்பெட்டி அக்கா. மின்விசிறியும் மிக்ஸியும் பழுது பார்க்கிற சின்னக் கடை அவருடையது. ஆனால் மனசு முழுக்க எலி விரட்டும் பெட்டியில். அதைச் சுவரில் செருகினால் பச்சை விளக்கு எரியும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி ஒன்று அதிலிருந்து கிளம்பும், அதைத் தாங்கமாட்டாமல் எலி ஓடும் என்பது கணக்கு. "சத்தமே வரலையேக்கா?" என்று யாராவது இழுத்தால் போதும், "உனக்குக் கேட்டா நீயில்ல வீட்ட விட்டு ஓடணும்!" என்பார்.

கடையின் மேல்தட்டில் அந்தப் பெட்டியின் வம்சமே தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது. கேட்டால் ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டுவார். "இதான் மூத்தது, நாய்க்கு ஊதுற ஊதல். நமக்குக் கேக்காதது நாய்க்குக் கேக்கும்னு எவனோ கண்டுபிடிச்சான். அப்ப எலிக்கும் கேக்குமேன்னு இன்னொருத்தனுக்குப் பொறி தட்டுச்சு. இந்த இரும்புப் பெட்டி அவங்க காலத்துது, தூக்கவே ரெண்டு ஆள் வேணும். அப்புறம் கைக்கு அடக்கமா பிளாஸ்டிக்ல வந்துச்சு. கடைசியா இது, கொசுவுக்கு." அந்தக் கடைசிப் பெட்டியை மட்டும் இரண்டு விரலால் தூக்குவார். "கொசு வந்து இதும்மேலேயே உக்காந்து இளைப்பாறிட்டுப் போச்சு."

பக்கத்தில் தையல் மெஷினில் இருக்கும் கணவர் தலை நிமிராமலே சொல்வார்: "காதுல விழாத சாமானை வித்து, காதுல விழற மாதிரி திட்டு வாங்குற ஒரே ஆளு இவதான்." அக்கா அதைக் காதில் வாங்கமாட்டார்.

அந்தத் திட்டு பேக்கரியில் உண்மையாகவே காத்திருந்தது. மூட்டைகளுக்கு நடுவே எலிப்புழுக்கையைப் பார்த்துவிட்ட சுகாதார அதிகாரி, மறுபடி வருவேன், அப்போதும் இருந்தால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான் என்று சொல்லிப் போயிருந்தார். பேக்கரிக்காரருக்குக் கைகால் ஓடவில்லை. "நான் பொறுப்புண்ணே" என்று வாக்குக் கொடுத்துப் பெட்டியை மாட்டியவர் அக்கா. முதலில் சில காலைகள் மாவில் தடமே இல்லை. பிறகு ஒன்றிரண்டு தென்பட்டன. அப்புறம் கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆகிவிட்டது. எலிகளுக்கு அந்த ஒலி பழகிவிட்டிருந்தது.

"தங்கச்சி, எலி போகல. என் பூனைதான் போயிடுச்சு!" என்றார் பேக்கரிக்காரர். "அதுக்கும் காது இருக்குல்ல? இப்ப எலிக்குக் கொண்டாட்டம். பொறுப்புன்னியே?"

"சொன்னேன். இப்பவும் அதத்தான் சொல்றேன்" என்றார் அக்கா. பெட்டியின் மேல் பழி போட்டுத் தப்பிக்க அவருக்கு வராது.

சரக்கறைக்குள் போய் "அண்ணே!" என்று ஒரு குரல் கொடுத்துப் பார்த்தார். காலி டின்கள் பக்கம் திரும்பிக் கூப்பிட்டால் கணீரென்று திரும்பி வந்தது. மாவு மூட்டைகள் பக்கம் கூப்பிட்டபோது குரல் பஞ்சில் விழுந்த கல்லாக அமுங்கிப்போனது. அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பெட்டியை அவர் மாட்டியிருந்தது மூட்டைகளுக்கு நேர் எதிரே! "என் தொண்டையையே முழுங்குது. பெட்டியோட கீச்சு எந்த மூலைக்கு?"

அன்று மாலையே புடவையை இழுத்துச் செருகினார். மூட்டைகளைச் சுவரிலிருந்து விலக்கிப் பலகைமேல் ஏற்றவைத்தார். பின்னால் வெளிப்பட்ட பொந்துகளில் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைத் திணித்துச் சிமென்ட் பூசினார். கதவடி இடுக்குக்குத் தகரம் அடித்தார். எல்லாம் முடிந்ததும், பேக்கரிக்காரர் பதறப் பதறப் பெட்டியைப் பிடுங்கிவிட்டார்.

"ஏம்மா, அதையும் ஏன் எடுக்கற? அதுபாட்டுக்கு இருக்கட்டுமே!"

"ரெண்டும் இருந்தா எது வேலை செஞ்சுதுன்னு எப்படிண்ணே தெரியும்?"

அதிகாரி வரும்வரை தினமும் மாவு தூவினார். ஒவ்வொரு காலையும் அது தூவியபடியே கிடந்தது. அதிகாரி வந்த அன்று மட்டும், கதவைத் திறந்து வைத்த கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு தடம், வாசலிலிருந்து மூட்டைவரை நிதானமாகப் போயிருந்தது. பூனை திரும்பியிருந்தது. அதிகாரி மூட்டைகளைச் சுற்றிவந்து, பொந்துப் பூச்சைப் பேனாவால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுப்பு அணையவில்லை.

"அப்ப ஊமைப்பெட்டிக்கு இத்தோட கருமாதியா?" என்றார் கணவர்.

"அது தோத்துச்சு. நான் தோக்கல."

இப்போது அக்கா கடையில் பெட்டி கேட்டு வருபவருக்கு முதலில் கிடைப்பது கம்பிநாரும் சிமென்ட் பொட்டலமும்தான். பெட்டி, மூடி கழற்றப்பட்டு அவர் மேஜைமேல் கிடக்கிறது. ஒலியை ஏற்றியிறக்க அவரே ஒரு திருகி பொருத்தியிருக்கிறார். பழகவிடாமல் அது மாறிக்கொண்டே இருக்கவேண்டும், எலிக்கு மட்டும் உறைக்கவேண்டும், பூனைக்கு நோகக்கூடாது. அது நடக்குமா என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை. மத்தியான வேளையில் பேக்கரிப் பூனை வந்து மேஜையோரம் சுருண்டு படுக்கிறது. அக்கா அதன் காதிலேயே கண்ணை வைத்துத் திருகியை நூலளவு நகர்த்துகிறார். காது சட்டென்று விறைக்கிறது.

"சரி சரி, தூங்கு" என்று திருகியைப் பின்னுக்குத் திருப்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்.