தீர்த்தம்மாள் கழுவிய நீலம்

காரிமங்கலம் சந்தையில் கொள்ளும் நிலக்கடலையும் விற்க வரும் தீர்த்தம்மாளைத் தெரியாதவர்கள் குறைவு. வலது கட்டைவிரலில் ஆண்பிள்ளை மோதிரம் ஒன்று, அதில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு நீலக்கல். இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஆரம்பித்து உதட்டோரம் வரைக்கும் ஒரு தழும்பு. அவள் படியளக்கும்போது மோதிரம் கண்ணில் படும், நிமிர்ந்து பார்த்தால் தழும்பு கண்ணில் படும். இரண்டுக்கும் உள்ள உறவு, விசாரித்தால்தான் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் அவளை மாதப்பனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மானாவாரிக் காடும் ஒரு கிணறும் ஒரு ஜோடி மாடும் உள்ள இடம். குறை சொல்ல எதுவுமில்லை, அவன் கையைத் தவிர. குழம்பில் உப்பு குறைந்தால் அறை, கூடினாலும் அறை. முதல் கார்த்திகை வருவதற்குள் அவள் உதடு இரண்டு தடவை கிழிந்தது. அப்போது அவன் விரலில் மோதிரம் எதுவும் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஊர் இதைச் சுத்தமாக மறந்துபோனது.

மோதிரம் வந்தது அறுபத்து நாலில். கிணறு வற்றியது, ஒரு மாடு செத்தது. ஏழரைச் சனி பிடித்திருக்கிறது, நீலம் போடு என்றார் ஜோசியர். மாதப்பன் சந்தைக்குப் போனான். கல் விற்க வந்த வெளியூர்க்காரன், அசல் நீலத்தைப் பாலில் போட்டால் பாலே நீலமாகத் தெரியும் என்று சொல்லி, பித்தளைத் தம்ளரில் பாலை ஊற்றிக் கல்லைப் போட்டுக் காட்டினான். மாதப்பன் குனிந்து பார்த்துச் சொக்கிப்போனான். பொழுது சாய்கிற நேரத்தில் எந்தப் பால்தான் நீலமாகத் தெரியாது?

நீலத்தை வாங்கியதும் போட்டுவிடக் கூடாது. அது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. நீலத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் மூன்று ராத்திரி வைத்துப் பார்க்க வேண்டும். கெட்ட கனவு வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முதல் ராத்திரி மாதப்பனுக்குக் கனவில் யானை வந்தது. இரண்டாம் ராத்திரி நிஜமாகவே மழை பெய்தது. மூன்றாவதுக்குப் பொறுமை இல்லை. சனிக்கிழமை காலையிலேயே கல்லை மோதிரமாகக் கட்டி விரலில் போட்டுக்கொண்டான்.

அன்றிலிருந்து அவன் அடிக்கிற அடிக்கெல்லாம் ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

"மூணாம் ராத்திரி பாக்காத வுட்டுட்டான். கல்லு சேரல. எம் பையன் மேல என்ன தப்பு?" என்பாள் மாமியார் குள்ளம்மாள்.

தீர்த்தம்மாள் மண்டை உடைந்து ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனபோது ஊர்க்கவுண்டரும் அதையே சொன்னார். "அவன் எங்கம்மா அடிக்கிறான்? நீலம் பண்ற வேலை அது. போட்டவனுக்கு நெதானம் இருக்காது. நீதான் அனுசரிச்சுப் போவணும்."

"அப்பக் கழட்டச் சொல்லுங்க."

"போட்ட நீலத்தக் கழட்டினா குடும்பம் அழிஞ்சுடும். கழுவுற நேரத்துக்கு மட்டுந்தான் கழட்டலாம்."

ஆக, அடிக்கிறதும் கல், கழற்றவும் முடியாத கல். மாதப்பனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்!

கழுவுகிற வேலை அவளுடையது. கல் தோலைத் தொட்டால்தான் சனி கேட்பானாம், அதனால் அடிப்பக்கம் திறந்தபடி கட்டிய மோதிரம். மண்ணும் எண்ணெயும் அந்தத் துவாரத்தில் போய் அடைந்துகொள்ளும். சனிக்கிழமை காலையில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நுரை எடுத்து, வேப்பங்குச்சி நுனியை மென்று நாராக்கி அடியில் விட்டுத் தேய்க்க வேண்டும். கொதிக்கிற தண்ணீர் ஆகாது. பிறகு பால் விட்டு அலசிப் பழைய வேட்டித் துணியில் ஒற்ற வேண்டும். அதுவரைக்கும் மாதப்பன் கிழக்கே பார்த்துப் பலகையில் உட்கார்ந்திருப்பான். வலது கையை முன்னால் இருக்கும் மணையில் விரித்து வைத்திருப்பான். அவள் வந்து போட்டுவிட வேண்டும். பல சனிக்கிழமைகளில் நுரை சிவப்பாகத்தான் வந்தது. தன் ரத்தத்தைத் தானே சுரண்டி எடுத்து, மினுக்கி, அடித்த கையிலேயே மாட்டிவிட்டாள்.

எழுபதில் கடலைக்காய் பிடுங்குகிற சமயம். காட்டுக்குச் சோறு கொண்டுபோக நேரமாகிவிட்டது. வரப்பிலேயே அவளை மடக்கி முகத்தில் குத்தினான். கல்லைப் பிடித்திருந்த கம்பி ஒன்று கன்னத்தில் மாட்டிக்கொண்டது. அவன் கையை வெடுக்கென்று இழுத்தான். கன்னம் கிழிந்து பல் தெரிந்தது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். அவனோ மோதிரத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

"கம்பி போச்சே! கல்லு ஆடுது பாரு. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ஆசாரிகிட்டயும் காட்டிக்கினு வந்துரு. கல்லு பத்திரம். பழுது பாக்கறதும் கழுவுற கணக்குதான்," என்று மோதிரத்தைக் கழற்றி அவள் மடியில் போட்டான்.

பக்கத்துக் காட்டு மிக்கேலம்மாள் ஓடிவந்து அவளைத் தருமபுரிக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் கன்னத்துக்குத் தையல் போட்டார்கள். அடுத்து கடைவீதியில் கம்பிக்குப் பற்று வைக்கப் போனார்கள். ஆசாரி கல்லைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தீர்த்தம்மாளின் கட்டுப்போட்ட முகத்தையும் பார்த்தார்.

"யாரும்மா நீலம்னு சொன்னது? வைரத்துக்கு அடுத்தபடி நீலந்தான் கெட்டி. நூறு வருசம் மண்ணுல பொரட்டினாலும் ஓரம் மழுங்காது. இது ஓரமெல்லாம் தேஞ்சு போயிருக்குது. உள்ள குமிழி வேற. இது கண்ணாடி."

"கண்ணாடியா?"

"நான் சொன்னேன்னு சொல்லிடாதம்மா. உன்னயத்தான் கல்ல மாத்திட்டன்னு சொல்லுவாங்க, ஜாக்கிரதை."

திரும்பி வரும்போது பஸ்ஸில் தீர்த்தம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள்.

"ஐயோ, சிரிக்காதக்கா, தையலு பிச்சுக்கும்!" என்று மிக்கேலம்மாள் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"சனியும் இல்ல, நீலமும் இல்ல, மிக்கேலு. ஒடஞ்ச பாட்டிலு. என்னை அடிச்சது அவந்தான். மொதல்லருந்து அவனேதான்."

ஆசாரி சொன்னபடி வீட்டில் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமைதோறும் கண்ணாடியைப் பாலில் அலசினாள். அடி விழுந்தால் வாங்கிக்கொண்டாள். கல்யாணமான மறுவருஷம் பிறந்த மகள் பச்சையம்மா மேல் மட்டும் கை படாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் உயிரை வைத்திருந்தது அந்த ஒன்றில்தான்.

எழுபத்திரண்டில் ஒரு வெள்ளிக்கிழமை, தீர்த்தம்மாள் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில், கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டாள் என்று மாதப்பன் மகளைப் புறங்கையால் அறைந்தான். அவள் குடத்தோடு வந்தபோது பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. கையை விலக்கினால் கீழுதடு இரண்டாகப் பிளந்திருந்தது.

"உடு, கல்லு பண்ணினது," என்றாள் குள்ளம்மாள்.

தீர்த்தம்மாள் முந்தானையை நனைத்துப் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். மறுநாள் சனிக்கிழமை. மோதிரத்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வேப்பங்குச்சியை விட்டதும் நுரை சிவந்தது. இத்தனை வருஷமாக அந்தச் சிவப்பு அவளுடையது. இன்றைக்கு இது பிள்ளையுடையது. மோதிரத்தை நன்றாகக் கழுவினாள், பாலில் அலசினாள், துணியில் ஒற்றினாள். பிறகு அதைத் தன் கட்டைவிரலில் போட்டுக்கொண்டு மூலையிலிருந்த உலக்கையை எடுத்தாள்.

மாதப்பன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். கை மணையில் விரிந்திருந்தது.

பூண் போட்ட உலக்கை நேராக அந்தக் கையில் இறங்கியது. மணை பிளந்தது. அவன் அலறிக்கொண்டு இடது கையால் அவள் கொண்டையைப் பிடித்தான். அவள் உலக்கையைக் குறுக்கே பிடித்து அவன் நெஞ்சில் தள்ளினாள். மல்லாந்து விழுந்தவன் எழுவதற்குள் அதே கையில் இன்னொன்று போட்டாள். விரல்கள் தனித்தனியாகத் திரும்பிக்கொண்டன. குள்ளம்மாள் வாசலில் நின்று மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள், கிட்டே வரவில்லை. மூன்றாவதாக ஓங்கியபோது பச்சையம்மா ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. இல்லாவிட்டால் அவன் தலை தப்பியிருக்காது.

பஞ்சாயத்து கூடியது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு மாதப்பன் புளிய மரத்தடியில் முனகிக்கொண்டிருந்தான்.

"கட்டினவனை அடிக்க உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?" என்று உறுமினார் ஊர்க்கவுண்டர்.

தீர்த்தம்மாள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். "நான் எங்கீங்க அடிச்சேன்? கழுவிட்டு ஈரம் போவட்டும்னு வெரல்ல மாட்டினேன். அவ்வளவுதான், நெதானம் போயிருச்சு. நீலம் பண்ற வேலைன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? நானும் மூணாம் ராத்திரி பாக்கலீங்க."

யாரோ ஒரு பெண்பிள்ளை பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தாள். ஊர்க்கவுண்டர் மீசையைத் தடவினார், தொண்டையைக் கனைத்தார். இத்தனை வருஷமாகச் சொன்னதை இன்றைக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

"சரி, சரி. அதைக் கழட்டி அவன்கிட்ட குடுத்துரு."

"போட்ட நீலத்தைக் கழட்டினா குடும்பம் அழிஞ்சுடுமுங்களே."

பஞ்சாயத்து கலைந்தது.

மாதப்பனின் கை கூடியது, ஆனால் விரல் மடங்கவில்லை. அதற்குப் பிறகு அவன் குரல்கூட உயரவில்லை. சனிக்கிழமை காலையில் பூந்திக்கொட்டை வாசனை வந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவான். கொள்முதல், விதைப்பு, சந்தை எல்லாம் அவள் கைக்கு வந்தது.

எழுபத்தெட்டில் பச்சையம்மாவுக்குக் கல்யாணம். தோடு செய்யத் தீர்த்தம்மாள் அதே ஆசாரியிடம் போனாள். அவர் கட்டைவிரலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தக் கண்ணாடிய இன்னுமா போட்டிருக்கற? நான் அசல் நீலம் காட்டறேன், மூணு ராத்திரி வெச்சுப் பாத்துட்டு எடுத்துக்க."

"வேணாமுங்க," என்றாள் தீர்த்தம்மாள். "இது எனக்கு மொத நாளே ஒத்துக்கிச்சு."