கை நீட்டியவன் எடுத்த வகுப்பு

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் நான் பிழை திருத்துபவனாக வேலை பார்த்தேன். வீடு விருதுநகரில். இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்கள் அவை. ஒரு நாள் என் மேசைக்குப் பதினாறு பக்கச் சிறு புத்தகம் ஒன்றின் புரூஃப் வந்தது. கோபத்தைக் கையாள்வது எப்படி, கைகலப்பு இல்லாமல் சண்டையைப் பேசித் தீர்ப்பது எப்படி என்று கிராமங்களில் சொல்லிக்கொடுக்க ஒரு சிறிய தொண்டு அமைப்பு அச்சடிக்கக் கொடுத்திருந்தது. ஒற்றுப்பிழைகள் ஏராளம். திருத்திக்கொண்டே வந்தவன் ஆறாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். 'அடித்த பிறகு வருத்தப்படுவது மட்டும் போதாது' என்று இருந்தது. அந்த வரியில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் பென்சிலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு ஆமத்தூரில் இருந்த அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது.

நான் அவளை மூன்று முறை அடித்திருக்கிறேன். ஒரு முறைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி முறை அடித்ததை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு, முந்தைய இரண்டையும் தள்ளுமுள்ளு என்று பெயர் மாற்றி வைத்திருந்தேன். கடைசி முறை, ஒரு காலண்டரில் அமாவாசை தேதி தப்பாக அச்சாகிப் போனதற்கு முதலாளியிடம் எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பாடு போட்டபடியே அவள், ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். கன்னத்தில் அறைந்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். மறுநாள் இருவரும் போய்விட்டார்கள்.

புத்தகத்தை வாங்கிப் போக அமைப்பை நடத்தும் அம்மா நேரில் வந்தார். என் வயதுதான் இருக்கும். முன்பு நர்ஸாக வேலை பார்த்தவர். அடிபட்டு வரும் பெண்களுக்குக் கட்டுப் போட்டே அலுத்துப்போய் இந்த வேலைக்கு வந்ததாகச் சொன்னார். நானும் பயிற்சிக்கு வரலாமா என்று கேட்டேன். எதற்கு என்றார். ஊர் நன்றாக இருக்கட்டுமே என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். மதுரையில் மூன்று நாள் பயிற்சி முடித்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு ஆள் கிடைக்காததால், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு ஊரை என்னிடம் ஒப்படைத்தார்.

விருதுநகரில் பஸ் ஏறினால் ஆமத்தூர் வழியாகத்தான் சிவகாசி. அங்கே இறங்கி அடுத்த பஸ். ஆமத்தூர் நிறுத்தத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவேன்.

வகுப்பு சமுதாயக் கூடத்தில், மத்தியானம் மூன்று மணிக்கு. ஊரில் பெரும்பாலும் பட்டாசு கம்பெனி வேலைதான். முதல் இரண்டு வாரம் யாரும் வரவில்லை. ஜமுக்காளத்தை விரித்து, ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்து, சுருட்டி வைத்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது வாரம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். மகளிர் குழுவுக்கு லோன் கொடுக்கப்போகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். லோன் இல்லை என்று தெரிந்த பிறகும் பாதிப் பேர் எழுந்து போகவில்லை.

புத்தகத்தில் இருந்தபடியே ஆரம்பித்தேன். கோபம் உடம்பில் எங்கே முதலில் தெரிகிறது என்று கவனிக்கச் சொன்னேன். ஒருத்திக்குக் காது சுடும், ஒருத்திக்குப் பல் கிட்டிக்கொள்ளும். 'நீ இப்படி' என்று தொடங்காமல் 'எனக்கு இப்படி இருக்கு' என்று தொடங்கிப் பேசிப் பழகச் சொன்னேன். ஒருத்தி புருஷனாகவும் ஒருத்தி பெண்டாட்டியாகவும் நடித்தார்கள். புருஷனாக நடித்தவள் துண்டைத் தோளில் போட்டு மிரட்டியதைப் பார்த்துக் கூடமே சிரித்தது. எதிராளி சொன்னதை முழுக்கக் கேட்டு, அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, பிறகு பதில் சொல்லும் பயிற்சிதான் யாருக்கும் வரவில்லை. எனக்கும் வராது.

சண்டை முற்றும்போது அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள் என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கை தூக்கினாள். பட்டாசுக்குத் திரி வைக்கும் வேலை அவளுக்கு.

"எங்கன போக சார்? ஒத்த ரூம்பு வீடு. வெளிய வந்தா தெருவே பாக்கும்."

புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை என்றேன். அவர்களே பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு யார் வாசலில் வந்து நின்றாலும் அந்த வீட்டார் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட வேண்டும். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகலாம். தண்ணி எடுக்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லிக்கொடுத்த எதையும்விட அது பயன்பட்டது.

ஆண்கள் கூடத்துக்கு வெளியே நின்று பீடி குடித்தபடி எட்டிப் பார்ப்பார்கள். முதலில் உள்ளே வந்தவர் அந்தத் திரி வைக்கும் பெண்ணின் கணவர். கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். நாற்பது வயது, ஒடிசலான உடம்பு. விரல் நகங்களில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் போகவே போகாது. வேலை இடத்தில் கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அங்கன கோவமே வராது சார். வந்தா ஆளே மிஞ்ச மாட்டோம்ல."

மருந்து அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்களாம். பாத்திரத்தைத் தட்டி வைக்க மாட்டார்கள், ஒருவரை ஒருவர் அதட்ட மாட்டார்கள், சூப்பர்வைசர் வைதாலும் கை ஒரே வேகத்தில்தான் ஓடும் என்றார். அப்படியானால் கை உங்கள் சொல் கேட்கிறது என்றேன். அவர் மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு இன்னும் இரண்டு ஆண்கள் வந்தார்கள். எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. வகுப்பு முடிந்ததும் பெண்கள் டீ கொடுப்பார்கள். உங்க வீட்டம்மாவையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க என்பார்கள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்பேன். அடுத்த முறை, மகளுக்குப் பரீட்சை என்பேன். திரும்பி வந்து, பூட்டைத் திறந்து, லைட்டைப் போட்டு, ஒரு ஆளுக்கு அரிசி களைவேன். மத்தியானமெல்லாம் வீட்டில் மனம் விட்டுப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வந்த வாய், மறுநாள் அச்சகம் திறக்கும் வரை மூடியே இருக்கும். பக்கத்து மிளகாய் கோடவுனிலிருந்து நெடி வந்து தும்முவேன். சில நாள் அந்த வீட்டில் என்னிடமிருந்து வந்த ஒரே சத்தம் அதுதான்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளை மூடிவிடுவார்கள். திரும்பத் திறக்க ஒரு மாதம் ஆகும். சீசன் முழுக்க ஓடிய ஆட்கள் திடீரென்று வீட்டில் சும்மா உட்காருவார்கள். சண்டைகள் கூடும் நேரம் அது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது திரி வைக்கும் பெண்ணின் இடது கண் வீங்கி மூடியிருந்தது. குடத்தை எடுக்கப் போகும்போதே அடித்துவிட்டார் என்றாள். அவள் கணவர் கூடத்துக்குள் வராமல் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கை சொல் கேட்கும் என்று நீங்கள்தானே காட்டினீர்கள் என்று தொடங்கினேன். அவர் திரும்பினார்.

"பொஸ்தகத்தப் பாத்துச் சொல்லுதீக. நீங்க பொண்டாட்டியக் கை நீட்டிருக்கீகளா சார்? ஒங்களுக்கு என்ன தெரியும்?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். கூடத்துக்குள் எல்லோருக்கும் கேட்டது. இல்லை என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். திரும்பினேன்; அந்தப் பெண்ணின் கண் என் எதிரே இருந்தது.

நீட்டியிருக்கிறேன் என்றேன். மூன்று முறை. அதனால்தான் அவள் என்னோடு இல்லை என்றேன். உடம்பு சரியில்லை, பரீட்சை என்று சொன்னதெல்லாம் பொய் என்றும் சொன்னேன்.

அந்தப் பெண்தான் முதலில் கேட்டாள்.

"அந்த அக்கா இப்ப எங்கன இருக்காக?"

"ஆமத்தூர்ல."

"பஸ்ஸு அந்த வழியாத்தான வருது. போய்ப் பாத்தீகளா?"

இல்லை என்றேன். ஏன் என்றாள். பயமாக இருக்கிறது என்றேன். அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"எங்கட்டச் சொல்லுததுக்கு முன்னாடி அந்த அக்காட்டப் போய்ச் சொல்லிருக்கணும் சார்."

அடுத்த வாரம் பெண்கள் வரவில்லை. நான்தான் அமைப்பு அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டார். அடித்ததற்காக இல்லை, மறைத்ததற்காக. அடி வாங்கிய பெண்கள் யார் முன்னால் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுகிறோம் என்று தெரிந்து பேச உரிமை உள்ளவர்கள் என்றார். பெண்கள் வகுப்பை அவரே எடுத்துக்கொண்டார். ஆண்கள் வந்தால், அதுவும் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டு எடுப்பதானால், நான் தொடரலாம் என்றார்.

அதற்கடுத்த ஞாயிறு காலையில் ஆமத்தூரில் இறங்கினேன். மச்சான் வீட்டில் இல்லை. அவள் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வெளியிலேயே போட்டாள். மகள் டியூஷன் போயிருக்கிறாள் என்றாள்.

செய்ததைச் சொன்னேன். மூன்றையும் ஒவ்வொன்றாக. அமாவாசைத் தேதி, முதலாளி, எதையும் சேர்க்கவில்லை. காரணம் சொல்லாமல் குற்றத்தை மட்டும் சொல்வது என்பது பயிற்சியில் அரை மணி நேரப் பாடம். வாசலில் அது மிகச் சிறியதாக இருந்தது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அவள் ஒரு வெங்காயத்தை முழுக்க உரித்து முடித்தாள்.

"மூணுன்னு நீங்களே சொன்னீக, நல்லது. எனக்குத்தான் கணக்குத் தப்போன்னு நெனச்சிருக்கேன். ஆனா நான் வர மாட்டேன்."

கூப்பிடப் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் போயிருந்தேன். இருந்தும் அவள் அப்படிச் சொன்னதும் எனக்குக் காது சுட்டது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் கோபம் வருகிறது. அது எனக்கு வெட்கமாக இருந்தது. இருக்கையை விட்டு எழாமல் கையை முழங்கால் மேல் விரித்து வைத்துக்கொண்டு, அந்தச் சூடு இறங்கும் வரை உட்கார்ந்திருந்தேன். அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மகளுக்கு இஷ்டமிருந்தால் மாதம் ஒரு தடவை வந்து பார்க்கலாம், அவளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

மகள் சம்மதிக்க நான்கு மாதம் ஆனது.

அந்தத் திரி வைக்கும் பெண் பிள்ளைகளோடு தங்கை வீட்டில் இரண்டு மாதம் இருந்தாள். ஊரார் நான்கு பேரை வைத்துக்கொண்டு, இனி கை நீட்டினால் திரும்ப வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அதற்குப் பிறகு அடித்தாரா என்று நான் அவரிடம் கேட்பதில்லை; அமைப்பு அம்மா அவளிடம் கேட்பார். நான் அங்கே போன காலம் வரை இல்லை என்றே அவள் சொன்னாள். அவர் ஆண்கள் வகுப்புக்குத் தவறாமல் வந்தார். அதிகம் பேச மாட்டார்.

ஆண்கள் வகுப்பில் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்ததில்லை. ஒவ்வொரு முறையும் புது ஆள் வந்தால், முதலில் நான் யார், என்ன செய்தவன் என்று சொல்வேன். அதைக் கேட்டு எழுந்து போனவர்களும் உண்டு. ஊரில் சிலர் என்னைப் பார்த்தால் டீக்கடையில் பேச்சை நிறுத்துவார்கள். அது பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

நிதி நின்றுபோய் வகுப்பை முடிக்க வேண்டியிருந்த வருடத்தில், ஒரு ஐப்பசி ஞாயிறு, நல்ல மழை. யாரும் வரவில்லை. கிளம்பலாம் என்று நினைத்தபோது ஒரு ஆள் நனைந்துகொண்டு வந்தார். ஆட்களைக் கம்பெனிக்கு ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறவர். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. வழக்கம்போல என்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். தெரியும் சார், அதனாலதான் வந்தேன் என்றார். பிறகு தன் அண்ணனோடு ஆறு வருடமாகப் பேச்சு இல்லாததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வரப்புத் தகராறு, ஒரு மண்வெட்டி, அண்ணன் தோளில் மறையாத ஒரு தழும்பு. இரண்டு மணி நேரம் பேசினார். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் சொன்னதை நடுநடுவே திருப்பிச் சொன்னேன், அவர் ஆமாம் என்றார், தொடர்ந்தார். மழை விட்டதும் ஜமுக்காளத்தின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். மடித்து வைத்துவிட்டு, பஸ் நிறுத்தம் வரை வேனில் கொண்டுவந்து விட்டார்.