நீலம் குடித்த ஓடை

சிறுமலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் ஒன்று, மலையில் இருக்கும்வரை ஏகப்பட்ட ஆர்ப்பாட்டம் பண்ணும். கரும்பாறைகளிலிருந்து குதித்து, கற்களை உருட்டிக்கொண்டு அடிவாரம் வந்ததும், சரளையும் மணலுமான ஓரிடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் மண்ணுக்குள் போய்விடும். அதற்குக் கீழே வெறும் மணல்தடம்தான்.

அந்தத் தடத்துக்குப் பக்கத்தில், எண்பதுகளின் தொடக்கத்தில், அப்பா கிணறு வெட்டினார். சின்னாளபட்டியில் எங்களுக்குச் சுங்குடித் தொழில். பெண்கள் சேலையில் முடிச்சுப் போடுவார்கள். ஆண்கள் சாயத்தில் முக்குவார்கள். சாயத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று வாங்கிய நிலம் அது. ஓடை அதன் அடியில்தான் போகிறது என்று அடித்துச் சொல்லி இடம் காட்டியவர், எங்களோடு இருந்த என் தாய்மாமா. ஆனால் முழங்காலளவு தண்ணீரோடு பாறை தட்டிவிட்டது.

"இது மழைத்தண்ணி மாப்ள, கோடைக்கு நிக்காது. மூடிருவோம். நீங்களும் ஒங்க ஊரப் பாருங்க" என்றார் அப்பா. மாமாவை அவர் 'நீங்க' என்றால் கோபம் உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அம்மா அன்று சாப்பிடவில்லை.

மாமா ஒரு வழி சொன்னார். "ஓடை மறையிற எடத்துல சாயத்தக் கரைச்சு விடுறேன் மச்சான். கிணத்துல வரலேன்னா நானே மூடிட்டுப் போறேன்."

"செவப்பக் கரை. அப்பத்தான் தெரியும்" என்றார் அப்பா.

மறுநாள் விடிந்ததும் மாமாவும் நானும் கிளம்பினோம். சிவப்புச் சாய டப்பாவைத் தேடினோம், கிடைக்கவில்லை. கேட்டால் சாக்குச் சொல்வதாக அப்பா நினைப்பாரே என்று மாமா நீலத்தை எடுத்துக்கொண்டார். ஓடை அவ்வளவையும் குடித்துவிட்டு மண்ணுக்குள் போனது.

சில நாள் கழித்து அப்பா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவர் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஜெயிச்சுட்டடா மாப்ள" என்றார். தண்ணீர் செக்கச்செவேலென்று கிடந்தது.

"மாமா, நாம நீலம்ல..." என்று ஆரம்பித்தேன். மாமா என் தோளை அழுத்தினார். திரும்பி வரும்போது, "பாறைக்குள்ள சுத்தி வந்ததுல நெறம் மாறியிருக்கும் பாப்பா" என்றார். சொல்லிவிட்டு மறுபடி ஒருமுறை கிணற்றைப் போய்ப் பார்த்தார். என்னைவிட அவர்தான் அதிகம் குழம்பியிருந்தார்.

பாறைக்கு வெடி வைத்து இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். ஊற்று பீறிட்டது. அது அந்த ஓடையின் தண்ணீர்தானா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மாமா எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

கிணறு சிவந்த அன்றே ரகசியத்தை என்னால் அடக்க முடியவில்லை. தலைவாரிவிட்ட அம்மாவிடம், மலை நீலத்தைச் சிவப்பாக்கும் அதிசயத்தைச் சொன்னேன். சீப்பு அப்படியே நின்றது. பிறகு அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் துடைத்த அவள் கைகள் முழங்கை வரை சிவந்திருந்தன. என்னவென்று கேட்டதற்கு மருதாணி என்றாள்.

தனக்கு மட்டும் வைத்துக்கொண்டாளே என்று நான் அன்று வெகுநேரம் அழுதேன்.