ஸ்டியரிங்ல கை இருக்குது, ஆளைக் காணோம்

கார் ரேஸ் கேம் கடை நடத்தறவங்களுக்கு ஸ்கிரீனைப் பார்க்கத் தெரிஞ்சாப் பத்தாதுங்க, ஓட்டறவங்க மூஞ்சியைப் பார்க்கத் தெரியோணும். நாமக்கல் பரமத்தி ரோட்டுல ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மாடியில, ஸ்டியரிங், பெடல், சீட்டு எல்லாம் நெசக் கார் மாதிரியே வெச்சு மூணு மெசினு போட்டு நானும் ஏழு வருசமா நடத்திட்டு இருக்கறேன். பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கடைன்னு கேட்டவங்க எல்லாம் இப்ப அவங்கவங்க பசங்களைத் தேடிட்டு இங்கதான் வாராங்க.

ஓட்டிட்டு இருக்கறப்பவே சில பேரோட மூஞ்சி அப்படியே கழண்டு போயிரும். கண்ணு தொறந்திருக்கும், கை திருப்பும், காலு மிதிக்கும், ஆளு மட்டும் அங்க இருக்க மாட்டாரு. எங்க கடையில இதுக்கு ‘டிரைவர் எறங்கிட்டாரு’ன்னு பேரு. நீங்களும் நம்ம கூட்டந்தானுங்களே? பாலை அடுப்புல வெச்சுட்டு, அதையே மொறச்சுப் பார்த்துட்டு நின்னும், பொங்கி ஊத்துனதுக்கப்பறம் ‘ஐயோ’ன்னு கத்துனவங்கதானுங்களே? அப்ப உக்காருங்க, சொல்றேன்.

இதையெல்லாம் சிரிச்சுட்டு உட்டுருப்பேன். ஆனா எங்க ஊட்டுக்காரரு முட்டை லாரி டிரைவருங்க. நாமக்கல்ல ஏத்துனா கொச்சியில எறக்கறது. ஒரு நாளு திரும்பி வந்து கை கழுவிட்டே, “வாளையார் செக்போஸ்ட்டை எப்பத் தாண்டுனேன்னே தெரியலை புள்ள, பார்த்தாப் பாலக்காடே வந்துருச்சு”ன்னு சிரிச்சாரு. அவருக்கு அது சிரிப்பு. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கலை. கூட ஒரு மாத்து டிரைவர் கேளுங்கன்னா, “பதினாறு வருசமா வண்டியில ஒரு கீறல் இல்லை, என்னையப் போயி தொணைக்கு ஆள் கேக்கச் சொல்றயா?”ன்னு மொறைப்பாரு. இந்த மனுசனை எப்படியாச்சும் என்ற கடைச் சீட்டுல உக்கார வெச்சு, டிரைவர் எறங்கறதுன்னா என்னன்னு காட்டிப் போடோணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். எப்படிக் காட்டறதுன்னு வெளங்கத்தான் எனக்குப் பல கஸ்டமரு ஆச்சு.

சத்தம் வந்தாப் போதும்

திருச்செங்கோட்டுக்காரரு ஒருத்தரு, போர் போடற ரிக்கு வண்டியில ஆபரேட்டரு. வடக்க போனா மாசக்கணக்குல அங்கயே இருப்பாரு. லீவுல வந்தவரு அக்கா பசங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு மேல வந்தாரு. மூணு பேரும் உக்காந்தாங்க. பச்சை லைட்டு விழுந்துச்சு, பசங்க ரெண்டும் பறந்துருச்சு. இவரு ஆக்சிலேட்டரை நல்லா மிதிச்சுட்டு, ரெண்டு கையும் ஸ்டியரிங்ல வெச்சுட்டு, வெகு நிம்மதியா உக்காந்திருக்கறாரு. எஞ்சின் அலறுது. வண்டி நகரவே இல்லை, கியரு போடவே இல்லீங்க.

பசங்க ஒரு ரவுண்டு சுத்தி வந்து அவரைத் தாண்டிப் போயிருச்சுங்க. நான் பக்கத்துல போயி, “ஏனுங்கண்ணா, கெளம்பலீங்களா?”ன்னு கேட்டேன். தூக்கத்துல இருந்து எந்திரிச்ச மாதிரி என்னையப் பார்த்துட்டுச் சொன்னாரு: “சத்தம் வந்துட்டே இருந்துச்சுங்க, வேலை நடக்குதுன்னு இருந்துட்டேன்.”

கை காட்டுனா நிக்கோணும்

அடுத்தவரு தனியார் பஸ் டிரைவர். சேலத்துக்கும் ஜலகண்டாபுரத்துக்கும் ஒரு நாளைக்கு எத்தனை நடைன்னு அவருக்கே மறந்து போச்சுன்னாரு. எங்க ஊர்ல ஒரு வளைகாப்புக்கு வந்தவரு, பந்தி போடறதுக்கு நேரம் இருக்குதுன்னு நம்ம கடைக்கு வந்துட்டாரு. மொதல் ரவுண்டு பிரமாதமா ஓட்டுனாரு. ரெண்டாவது ரவுண்டுல மூஞ்சி கழண்டுச்சு. பந்தியில என்ன இனிப்புன்னு யோசனை போயிருக்கும் போல. அந்த கேம்ல வளைவுக்கு வளைவு வேடிக்கை பார்க்கறவங்க கூட்டமா நின்னு கையை ஆட்டுவாங்க. இவரு மெதுவா லெப்ட்ல ஒதுக்கி, கூட்டத்துக்கு முன்னாடி அளவா நிறுத்திப் போட்டாரு.

நிறுத்துனவரு எடுக்கவும் இல்லை. பின்னாடி வந்த காரு எல்லாம் சர்ரு சர்ருன்னு போகுது, மனுசன் கண்ணாடியைப் பார்த்துட்டுப் பொறுமையா உக்காந்திருக்கறாரு. லாரி பாடி கட்டற பட்டறையில வெல்டரா இருக்கற சேகரு, நம்ம கடைக்கு தெனமும் வர்ற ஆளு, பின்னாடி நின்னு பார்த்துட்டே இருந்தான். என்ன தோணுச்சோ, வாயில வெரலை வெச்சு ரெண்டு விசில் அடிச்சான். பஸ் டிரைவரு பட்டுன்னு கியரைப் போட்டுக் கெளம்பிட்டாருங்க! அந்த ரேஸ் முடியற வரைக்கும் ஒவ்வொரு வளைவுலயும் சேகரு விசில் அடிச்சுத்தான் வண்டி நகந்துச்சு. கடைசியா வந்துட்டீங்களேங்கண்ணான்னு கேட்டதுக்கு அவருக்கு ரோசம் வந்துருச்சு: “அத்தனை சனம் நின்னு கை காட்டுது, எப்படிங்க நிறுத்தாமப் போறது?”

எதுத்தாப்புல வந்த மாப்பிள்ளை

வாழப்பாடிப் பொண்ணு ஒண்ணுக்கு நாமக்கல்ல ஒரு ஆபீஸ்ல வேலை. அயோத்தியாப்பட்டணத்துல மாப்பிள்ளை பார்த்திருக்கறாங்க. பேசிப் பாருங்கன்னு ரெண்டு பேரையும் விட்டா, எந்த டீக்கடைக்குப் போனாலும் யாராவது ஒரு சொந்தக்காரரு பன்னு தின்னுட்டு உக்காந்திருக்கறாராம். அதனால என்ற கடைக்கு வந்துட்டாங்க. பேச வந்ததுக பேசாம ரேஸ் ஓட்டுச்சுக.

பாதியில அந்தப் பொண்ணு ஸ்கிரீனைப் பார்த்துட்டே, “கல்யாணத்துக்கப்புறம் நான் வேலைக்குப் போவேன், உங்களுக்குச் சரிதானே?”ன்னு கேட்டுருச்சு. அந்தப் பையன் பதில் யோசிக்க ஆரம்பிச்சான் பாருங்க, டிரைவர் எறங்கிட்டாரு. வண்டி ஒரு சுத்துச் சுத்தி, வந்த வழியே திரும்பிப் போகுது. தப்பு ரூட்டுன்னு ஸ்கிரீன்ல செவப்பா மின்னுது, அவன் கண்ணுல விழுந்தாத்தானே? ரெண்டு ரவுண்டு எதிர்த் திசையில ஓட்டிட்டு, “போலாம், தாராளமா போலாம்”னு பதில் சொன்னான். அவன் தண்ணி குடிக்க வெளிய போனப்ப, “என்ன கண்ணு, ஆளு எப்படி?”ன்னு மெல்லக் கேட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சுட்டே சொல்லுச்சு: “ரெண்டு தடவை எதுத்தாப்புல வந்தாருக்கா, ரெண்டு தடவையும் ஒதுங்கி எனக்கு வழி விட்டாரு, இதுக்கு மேல என்னத்தைக்கா பாக்கறது?”

சேகரைப் பாராட்டாதீங்க

ஆளு எறங்கிட்டா வண்டி நிக்கும், இல்லீனா எங்காச்சும் முட்டும்னு அதுவரைக்கும் நெனச்சுட்டு இருந்தேன். எங்க ஊட்டுக்காரரும் ஒரு தடவை உக்காந்து ஒரு முட்டு முட்டுனாப் போதும், வாயை அடைச்சுரலாம்னு என்ற கணக்கு. அந்தக் கணக்கைக் கெடுத்தது இந்த சேகருதான். கடையில வேகமான ரவுண்டு ஓட்டறவங்க பேரை செவுத்துல எழுதி வெப்போம். சேகரு அதுக்கு ரெண்டு வருசமாத் தவம் கெடக்கறான். கவனமா ஓட்டுனா நாலாவது, அஞ்சாவதுதான் வருவான். பட்டறை நெனப்புல வாயைப் பொளந்துட்டு உக்காந்தான்னா, அன்னிக்குக் காத்து மாதிரி போவான்.

ஒரு நாளு அப்படித்தான் மூஞ்சி கழண்டு, வண்டி பறக்குது. இன்னும் ரெண்டே வளைவு, செவுத்துல பேரு. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “அடி சக்கை சேகரு! ரெக்கார்டுடா!”ன்னு கத்திப் போட்டேன். பாவம், முழிச்சுட்டான். எந்தக் காலு பிரேக்குன்னு யோசிச்சிருக்கறான், யோசிச்ச நிமிசத்துல செவுத்துல போயி அப்பிட்டான். சீட்டுல இருந்து எறங்கி, கையெடுத்துக் கும்பிட்டுட்டுச் சொன்னான்: “அக்கா, நான் நல்லா ஓட்டறப்ப, நான்தான் ஓட்டறேன்னு எனக்குத் தெரியப்படுத்தாதீங்க.”

பதினோரு ரவுண்டு

அன்னிக்குத்தான் எனக்கு ஒறைச்சுது. ஒரு கீறல் இல்லாம ஓட்டறதும் ஆளு இல்லாம ஓட்டறதும் ஒரே மூஞ்சியில நடக்கும். அப்ப எங்க ஊட்டுக்காரரு முட்டுவாருன்னு காத்திருந்தா இந்த சென்மத்துல நடக்காது. வேற மாதிரிக் கேக்கோணும்.

ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் எனக்குச் சோத்துப் போசி கொண்டாந்து குடுக்க மேல வந்தாரு. மறுநாளு கொச்சிக்கு லோடு. “ஒரு ரேஸ் ஓட்டுங்களே மாமா”ன்னேன். “ஊட்டுக்கு வந்தும் ஸ்டியரிங்கா?”ன்னு திரும்புனாரு. சேகருகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன். அவன், “உடுங்கக்கா, லாரி ஓட்டறவங்களுக்கு இது வராது”ன்னான். அவ்வளவுதான், வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஏறி உக்காந்துட்டாரு. ரவுண்டு நம்பர் காட்டற மூலையில ஒரு டேப்பை ஒட்டி மறைச்சு வெச்சிருந்தேன். நம்பரு என்ற மேசைக் கம்ப்யூட்டர்ல மட்டும் தெரியும்.

என்ன சொல்ல, மனுசன் அழகா ஓட்டுனாருங்க. முட்டலை, ஒரசலை. கடையில இருந்த அத்தனை பேரும் பின்னாடி வந்து நின்னுட்டாங்க. கொஞ்ச நேரத்துல அவரு தோளு எறங்குச்சு, தாடை தொங்குச்சு, மூஞ்சி கழண்டுச்சு. வண்டி மட்டும் நூல் புடிச்ச மாதிரி போயிட்டே இருந்துச்சு. இந்த மூஞ்சியோடதானே அன்னிக்கு வாளையாரைத் தாண்டிருப்பாரு! மேசையில இருந்தே கேமை நிறுத்துனேன். எல்லாரும் கை தட்டுனாங்க. அவரு மீசையைத் தடவிட்டு எந்திரிச்சாரு.

“எத்தனை ரவுண்டுங்க ஓட்டுனீங்க?”

“என்ன, ஒரு நாலு இருக்கும்.”

“பதினொண்ணு. கேம்ல வர்ற அந்தக் குறுகலான பாலத்துல கூட ஒரசாம பதினோரு தடவை போனீங்க.”

“பாலமா? அதுல பாலம் எங்க இருக்குது?”

கடையே சிரிச்சுது. நானும் சிரிச்சுட்டேன், ஆனா கண்ணுல தண்ணி வந்துருச்சு. “எங்கதானுங்க போனீங்க?”ன்னு கேட்டேன். “நம்மூட்டுத் தண்ணித் தொட்டி மூடி ஒடஞ்சு கெடக்குதல்லோ, அதுக்கு என்ன சைஸ் வாங்கறதுன்னு பார்த்துட்டு இருந்தேன் புள்ள”ன்னாரு. சொல்றப்பவே அவரு சிரிப்பு நின்னு போச்சு. ஸ்கிரீனை ஒரு பார்வை பார்த்தாரு, என்னைய ஒரு பார்வை பார்த்தாரு. “நீங்க முட்டிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காதுங்க”ன்னேன். அவரு கீழ வெச்சிருந்த போசியை எடுத்து மேசை மேல வெச்சுட்டு, அங்கயே நின்னு லாரி மொதலாளிக்குப் போன் போட்டாரு. மாத்து டிரைவர் இல்லாம நாளைக்கு வண்டி எடுக்கலீங்கன்னாரு.

மறுநாள்ல இருந்து வண்டியில ரெண்டு டிரைவர் போறாங்க. மொதலாளி சும்மா ஒண்ணும் குடுத்துடலீங்க. “ஏம்ப்பா, எங்காச்சும் கொண்டு போயி இடிச்சுட்டயா?”ன்னு போன்ல பதறிப் போயிக் கேட்டாரு. அத்தனை கஸ்டமரு முன்னாடியும் எங்க ஊட்டுக்காரரு வாயில இருந்து வந்த பதிலு இதுதான்: “இடிக்கலீங்க, இடிக்காம பதினோரு ரவுண்டு ஓட்டிட்டு நாலுன்னு சொல்லிட்டேனுங்க, அதுதானுங்க பயமா இருக்குது.”

ஏழு வருசத்துல நான் கண்டது இவ்வளவுதானுங்க: என்ற கடையில வந்து உக்கார்றவங்கள்ல பாதிப் பேரு கடைக்கே வர்றதில்லை.